பாஸ்டர் உபவாசத்தில் இருக்கிறார்

என் கணவரை எங்கள் சபையார் அன்பினாலேயே கொன்றுவிடப் பார்த்தார்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். இருபத்திரண்டு வருஷமாக ஒரு பாஸ்டருடைய மனைவியாக இருந்து, கோபம் வந்தாலும் சிரித்துக்கொண்டே ஸ்தோத்திரம் சொல்லப் பழகினவள் நான். எழுதும்போதாவது சிரிக்காமல் இருந்து பார்க்கிறேன்.

எங்களுடையது பெரிய சபை அல்ல. கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளைக்குப் போகிற ரோட்டில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடி. கீழே சிமெந்து, ஆணி, பெயின்ட், மேலே நாங்கள். கட்டடமும் கடையும் மடவளையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நானாவுடையவை, அண்ணனை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கைதட்டிப் பாடினால் கடையில் தொங்குகிற வாளிகளெல்லாம் ஆடும் என்பார், ஆனால் ஒருநாளும் எங்களை இடத்தை விட்டு எழும்பச் சொன்னதில்லை. சபையில் எழுபது பேர் வரை வருவார்கள். பாதிப்பேருடைய தாய் தகப்பன் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து எடுத்தவர்கள். பிள்ளைகள் இப்போது கண்டியில் துணிக்கடை, பாமசி, ஆட்டோ என்று இருக்கிறார்கள். இரண்டு மூன்று பேர் டீச்சர்மார். நல்ல மனிதர்கள், அன்பு காட்டத் தெரிந்தவர்கள். அந்த அன்பை அவர்கள் காட்டுகிற இடம்தான் சாப்பாட்டு மேசை.

வீடு சந்திப்பு என்று ஒன்று இருக்கிறது. பாஸ்டரும் மனைவியும் விசுவாசிகளுடைய வீட்டுக்குப் போய், சுகம் விசாரித்து, ஒரு பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணிவிட்டு வரவேண்டும். ஒரு பின்னேரத்தில் நான்கைந்து வீடு. சொல்லும்போது இதில் சாப்பாடே இல்லை. போய்ப் பார்த்தால் ஜெபம் பத்து நிமிஷம், சாப்பாடு முக்கால் மணித்தியாலம். முதல் வீட்டில் கேக்கும் பெட்டிசும், இரண்டாவது வீட்டில் ரோல்சும் தொதலும், மூன்றாவது வீட்டில் முதல் இரண்டு வீட்டிலும் என்ன கொடுத்தார்கள் என்று போனில் விசாரித்துவிட்டு அதைவிட ஒன்று கூட. எல்லா வீட்டிலும் பால் தேத்தண்ணி, மூன்று கரண்டி சீனியோடு. கடைசி வீட்டில் சோறு. வேண்டாம் என்று எழும்பிவிட்டால் அந்த வீட்டார் அன்று முழுவதும் கலங்கிப்போய் இருப்பார்கள். பாஸ்டருக்கு நம்மமேல் என்ன மனக்கசப்போ என்று மறுநாள் மூன்று பேர் எனக்கு போன் எடுப்பார்கள்.

என் கணவர் யாரையும் அப்படிக் கலங்கவிட்டதில்லை. தட்டு காலியாகும்வரை அவருடைய முகத்தில் இருக்கும் மேய்ப்பனுக்குரிய கரிசனையைப் பார்க்கவேண்டும்.

"ஒரு வீட்டுலயாவது வேணாம்னு சொல்லக்கூடாதாங்க?" என்று கேட்பேன்.

"மனசு நோகும்."

"யாருக்கு?"

அவருக்கு இனிப்பு என்றால் உயிர்.

அந்த வருஷம் அவர் ஒரு தொடர்பிரசங்கம் ஆரம்பித்திருந்தார். ஆத்துமா, சரீரம், பொருள்: முழு மனிதனுக்கும் சுகவாழ்வு என்று தலைப்பு. அச்சடித்த பெனரில் ஒரு புறா, ஒரு ஸ்டெதஸ்கோப், ஒரு கட்டு ஆயிரம் ரூபாய்த் தாள். பொருளைப் பற்றிய வாரங்களில் கதிரை போதாமல் கீழே கடையிலிருந்து பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். சரீரத்தைப் பற்றிய வாரங்களில் வழக்கமான கூட்டம். ஆத்துமாவைப் பற்றிய வாரங்களில் கண்டி முழுவதும் மழை, அதனால் வரமுடியவில்லை என்றார்கள்.

சரீரத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணின வாரத்தில்தான் எங்களுக்கு கிளினிக். அவருக்கு சீனி வருத்தம், நீரிழிவு, வந்து ஏழு வருஷம். இடது காலின் பெருவிரலில் செருப்புக் கடித்த ஒரு சிறிய புண், இரண்டு மாதமாக ஆறவில்லை. டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை, முப்பது வயது இருக்கும். கிளினிக் கொப்பியைப் புரட்டினார், புண்ணைப் பார்த்தார், பிறகு என் கணவரைப் பார்த்தார்.

"ஐயா, இந்த விரல் உங்களுக்கு வேணுமோ?"

அவர் சிரித்தார். டொக்டர் சிரிக்கவில்லை.

"சீனி இப்பிடியே இருந்தால் இந்தப் புண் மாறாது. விரலை எடுக்க வேண்டி வரும். பிறகு விரலோட நிக்கும் எண்டும் சொல்லேலாது. மூண்டு மாசத்தில குறைச்சுக் கொண்டு வாங்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மா, குளிசையைக் கூட்டியிருக்கிறன். குளிசையைப் போட்டிட்டுச் சாப்பிடாமல் இருக்க விடாதேங்கோ. சீனி ஒரேயடியா இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், கதை குழறும். உடனே இனிப்பா ஏதாவது குடுக்க வேணும். பிந்தினால் உயிருக்கே ஆபத்து. விளங்கிச்சுதோ?"

விளங்கியது. நான் எல்லாவற்றையும் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

முதலில் நேர்மையான வழியைத்தான் பார்த்தேன். பெண்கள் கூட்டத்தில் எழும்பி நின்று, பாஸ்டருக்கு இனிமேல் இனிப்புக் கொடுக்கவேண்டாம், ஒரு பிளேன்டீ போதும் என்று சொன்னேன். எல்லாரும் கண் கலங்கினார்கள். அங்கேயே என் கணவருக்காக இருபது நிமிஷம் ஜெபம் பண்ணினார்கள். அடுத்த கிழமை எல்லா வீட்டிலும் கேக் இருந்தது. நான் முறைத்துப் பார்த்ததும் ஒரு சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க பாஸ்டரம்மா. நாங்க எல்லாரும் ஜெபம் பண்ணிட்டோம்ல. ஸ்தோத்திரம் பண்ணிட்டுச் சாப்புட்டா சீனி ஒண்ணும் செய்யாது."

என் கணவர் கண்ணை மூடி, அந்தக் கேக்குக்கு வழக்கத்தைவிட நீளமாக ஸ்தோத்திரம் பண்ணினார்.

நான் பொய் சொன்னது அதற்கடுத்த வாரம், குண்டசாலையில், பென்ஷன் எடுத்த ஒரு டீச்சருடைய வீட்டில். அந்த வீட்டு மேசையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. நடுவில் லவ் கேக், சுற்றிவர வட்டிலப்பம், ரோல்ஸ், கட்லட், வாழைப்பழம், கித்துள் பாணியும் தயிரும். என் கணவர் செருப்பைக் கழற்றியபோது புண்ணில் சுற்றியிருந்த துணியில் ஈரம் தெரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, மேசையைத்தான் பார்த்தார். கதிரையை இழுக்கக் கையை நீட்டினார்.

"ஐயா உபவாசத்துல இருக்காரு" என்றேன்.

வாய் தானாகச் சொல்லியது என்று சொல்ல எனக்கு ஆசை. அப்படி இல்லை. படி ஏறும்போதே யோசித்துவிட்டேன்.

டீச்சர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். "எத்தனை நாள்?"

எங்கள் வட்டாரத்தில் மூன்று நாளுக்கு மதிப்பில்லை. ஏழு நாளைச் சின்னப் பிள்ளைகளே இருக்கிறார்கள். "நாப்பது" என்றேன்.

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஜெபிக்கிறார் என்று டீச்சர் நினைத்துத் தலையை மூடிக்கொண்டார். அவர் லவ் கேக்குக்காகத் துக்கப்படுகிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

பஸ்ஸில் வரும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து, "என்னா வேலை செஞ்சிட்ட?" என்றார். விரலைக் காட்டி, நாற்பது நாளுக்குப் பிறகு பேசுவோம் என்றேன். கொஞ்சநேரம் விரலைப் பார்த்தார். பிறகு, "சரி, நீ சொன்னது நீ சொன்னதா இருக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல" என்றார். பொய்யை மனைவிமேல் வைத்துவிட்டு அதன் பலனை மட்டும் எடுத்துக்கொள்வது எப்படி என்று ஒரு பிரசங்கம் வைத்தால் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஏற்பாடு இதுதான். காலையில் வீட்டில் பயறும் தேங்காய்ப்பூவும். இரவில் கீரையோடு இடியப்பம், எண்ணி நாலு. பகலில் அவர் சபை அறையில் இருப்பார், ஆட்கள் வந்துபோவார்கள், அங்கே சாப்பிடமுடியாது. அதனால் சிவப்பரிசிச் சோற்றை ஒரு பெட்டியில் போட்டு, வேதப்புத்தகம் வைக்கிற பைக்குள் அனுப்பினேன். ஒரு மணிக்கு அவர் பின்படியால் இறங்கி, கடையின் ஸ்டோர் அறையில் சிமெந்து மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவார். கடைக்கார நானாவிடம் நானே போய் விஷயத்தைச் சொல்லி அனுமதி கேட்டேன். அவர் தாடியைத் தடவினார்.

"தங்கச்சி, நாங்க நோன்புல ஒளிச்சுச் சாப்பிடற ஆக்களக் கண்டிருக்கோம். பொண்டாட்டியே சோறு கட்டிக் குடுத்து ஒளிச்சு வைக்கிறத இப்பதான் காண்றோம்" என்றார். பிறகு தீவிரமாக, "எங்கட ஆக்கள்ள சீனி உள்ளவங்க டொக்டர்ட கேக்காம நோன்பு புடிக்கிறல்ல. உண்மையா புடிக்கப் போனா மட்டும் எனக்குச் சொல்லுங்க" என்றார். அந்தக் கட்டடத்தில் மேல்மாடி கீழ்மாடி இரண்டிலும் சேர்த்து அன்றைக்குப் புத்தியோடு பேசினவர் அவர் ஒருவர்தான்.

முதல் பத்து நாள் அற்புதம். மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் சீனி இறங்கிக்கொண்டே வந்தது. புண்ணின் ஓரம் காய்ந்தது. நான் சமையலறையில் பாட்டுப் பாடினேன்.

பதினோராவது நாள் குடிவகைகள் வர ஆரம்பித்தன. உபவாசத்தில் நீராகாரம் எடுக்கலாம் என்று யாரோ சபையாருக்கு ஞாபகப்படுத்திவிட்டார்கள். நெல்லி கோடியல் என்கிற சர்பத் மூன்று போத்தல், மால்ட் போட்ட பால், தெம்பிலி இளநீர் ஒரு குலை, பிளாஸ்கில் கருப்பட்டிக் காப்பி. பசியோடு இருக்கிற மனிதர் என்று இரக்கப்பட்டு ஒவ்வொன்றிலும் சீனியை இரட்டிப்பாகப் போட்டிருந்தார்கள். கொண்டுவந்தவர்கள் அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்கள். அந்த வாரக் கடைசியில் மெஷினில் எண் பழைய இடத்துக்கே ஏறியிருந்தது, அவர் மெஷினைக் கவிழ்த்து வைத்தார்.

ஆகவே, கடைசிப் பகுதி தண்ணீர் மட்டும் என்று நான் அறிவித்தேன். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இரண்டாவது பொய் வந்தது.

தண்ணீர் மட்டும் என்றதும் ஊர் கூடிவிட்டது. ஹுன்னஸ்கிரியவிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். கம்பளையிலிருந்து ரயிலில் வந்தார்கள். ஆளுக்கொரு ஜெபவிண்ணப்பத் துண்டு. கட்டாருக்கு விசா, மகளுக்கு மாப்பிள்ளை, மகனுக்கு ஓ லெவல் கணக்குப் பரீட்சை, ஆட்டோ லீசிங், வீட்டுக் கூரை, பக்கத்து வீட்டுக்காரனுடைய நாய். நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகளை நான் அடுக்கினேன், ஆத்துமாவுக்காக ஒரு துண்டுகூட வரவில்லை. ஒரேயொரு பெரியவர், எனக்குக் கோபம் குறையவேண்டும் என்று எழுதியிருந்தார். பிறகு அது அவருடைய மனைவி எழுதிப்போட்டது என்று தெரிந்தது.

என் கணவர் மெலிந்தார். சேட் தொளதொளத்தது. பாஸ்டர் முகத்தில் ஒளி தெரிகிறது என்றார்கள். ரோல்ஸ் சாப்பிடாவிட்டால் எவருடைய முகத்திலும் அந்த ஒளி வரும். ஆனால் அவருடைய பிரசங்கமும் மாறியது. குரல் தணிந்தது, நிறுத்தி நிறுத்திப் பேசினார், சனம் அசையாமல் கேட்டது. முன்பு 'பாஸ்டர்' என்று தோளில் தட்டினவர்கள் இப்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்கும் முன்வரிசையில் தனிக் கதிரை போட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

விசாவும் வந்தது. ஒரு தம்பி எழும்பி சாட்சி சொன்னான். ஒரு சிஸ்டருக்கு இடுப்புவலி போயிற்று. இரண்டாவது முறை எழுதின பிள்ளை கணக்கில் பாஸ். எல்லாம் பாஸ்டருடைய உபவாசத்தின் பலன் என்றார்கள். நான் வீட்டில் இடியப்பத்தை எண்ணி வைத்துவிட்டு சபையில் ஆமென் சொன்னேன்.

முப்பத்தைந்தாவது நாள் ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் பகிர்கிற திருவிருந்து ஆராதனை. மாடிக்கு ஏறப்போன என்னைக் கடைக்கார நானா கூப்பிட்டார். அவருடைய முகம் சரியில்லை.

"தங்கச்சி, பாஸ்டர் மூணு நாளா கீழ சாப்பிட வரல்ல. சோத்துப் பெட்டிய மூட்ட தூக்கற ஆளுக்குக் குடுத்துட்டுப் போறார். கேட்டா, வீட்டுல சாப்புட்டுட்டேன்டு சொல்றார்."

வீட்டில் அந்த மூன்று நாளும் வயிறு சரியில்லை, இரவுக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். காலைப் பயறை, போகிற வழியில் சாப்பிடுகிறேன் என்று தாளில் சுற்றி எடுத்துப்போனார். டொக்டர் கூட்டின மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூடத் தவறாமல் என் கண்முன்னே விழுங்கினார். எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. மனிதர் உண்மையாகவே உபவாசம் இருக்கிறார்.

படிகளில் ஓடினேன். ஆராதனை தொடங்கிவிட்டது. மண்டபம் நிறைந்து, ஜன்னல் கட்டையிலும் ஆட்கள். அவர் மைக்கைப் பிடித்து நின்றார், சேட் முதுகோடு ஒட்டியிருந்தது. கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். மைக் பிடித்த கை நடுங்கியது. ஒரு வசனத்தைத் தொடங்கினார், பாதியில் நாக்கு குழறியது. பிறகு வந்தது தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை.

"அந்நிய பாஷை, ஆவி எறங்கிருச்சு" என்றார் முன்வரிசை சிஸ்டர்.

அவ்வளவுதான். மண்டபமே எழும்பியது. கீபோட்காரத் தம்பி சுருதியை ஏற்றினான். அவர் முழங்காலில் இறங்கினார், பிறகு பக்கவாட்டில் சரிந்தார். சனம் கைகளை உயர்த்திப் பாடியது. சபை மூப்பர் ஓடிப்போய் அவரைத் தாங்கிப் பிடிப்பார் என்று பார்த்தால், பின்னாலிருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று மைக்கை எடுத்து அவருடைய வாயருகே பிடித்தார். கீழே வாளிகள் ஆடியிருக்கும்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். இனிப்பு என்று அந்த மாடியில் இருந்தது ஒன்றே ஒன்று. திருவிருந்து மேசையில் வெள்ளைத் துணிக்குக் கீழே, சின்னச் சின்னக் கிண்ணங்களில் திராட்சை கோடியல். துணியை இழுத்தேன். தட்டோடு கொண்டுபோய் அவருடைய தலையை மடியில் வைத்து, ஒரு கிண்ணம், இரண்டாவது, மூன்றாவது என்று வாயில் ஊற்றினேன். நல்லவேளை, விழுங்கினார். பாட்டு அங்கங்கே நின்றது.

"பாஸ்டரம்மா, அது திருவிருந்து" என்றார் மூப்பர், மைக்கிலேயே. "இன்னும் ஜெபம் பண்ணல்லியே."

"இது ஆவி இல்ல, சீனி எறங்கியிருக்கு" என்றேன். "இவரு செத்துப்போனா யாரு ஒங்களுக்கு ஜெபம் பண்ணி திருவிருந்து குடுப்பா? அந்தப் போத்தல எடுங்க."

அதுவும் மைக்கில் கேட்டது. போத்தலை எடுத்துக் கொடுத்தவர் குண்டசாலை டீச்சர். சபைக்கென்று வைத்திருந்த திராட்சை ரசம் முக்கால்வாசி ஒரு மனிதருக்குள்ளே போனபிறகு அவர் கண்ணைத் திறந்து, "பாட்டு ஏன் நின்னுச்சு?" என்றார். கீழே நானா கடை வேனைத் தயாராக வைத்திருந்தார். சிமெந்துத் தூசியோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிறகு இன்சுலின் போடச் சொல்லிவிட்டார்கள். விரல் இருக்கிறது. இன்றைக்கும் அந்த விரலைப் பார்த்துவிட்டுத்தான் நான் நாளைத் தொடங்குகிறேன்.

அடுத்த ஞாயிறு நான் சபையில் எழும்பி நின்றேன். உபவாசம் பொய், நான் சொன்ன பொய், அவர் சிமெந்து ஸ்டோரில் சோறு சாப்பிட்டார், கடைசி மூன்று நாள்தான் உண்மை என்று எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சபையை விட்டுப் போகச் சொன்னால் போகிறோம் என்றேன்.

பிறகு இடுப்புவலி போன சிஸ்டர் எழும்பினார். "பாருங்க, பாஸ்டரம்மாவுக்கு எவ்வளவு தாழ்மை" என்றார். "ஐயாவுக்கு மகிமை வரக்கூடாதுன்னு பொய்னு சொல்றாங்க."

நான் இல்லை இல்லை என்றேன். அவர்கள் கைதட்டினார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. விசா குத்தியாயிற்று, பிள்ளை பாசாகிவிட்டது, இனி உபவாசம் பொய்யாக இருப்பதற்கு வழியில்லை. வெளியே வரும்போது ஒரு அக்கா என் பையில் எதையோ திணித்தார். வீட்டுக்கு வந்து பார்த்தேன், கேக்.

அவர் அன்று சபைக்கு வரவில்லை, டொக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார். கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"நீ மட்டும் ஏன் மன்னிப்புக் கேட்ட?" என்றார்.

"நான்தான பொய் சொன்னேன்."

"எனக்கு நல்லா இருந்துச்சு" என்றார், என்னைப் பார்க்காமல். "இருபத்திரண்டு வருஷமா பிரசங்கம் பண்றேன், யாரும் அப்புடிக் கேட்டதில்ல. கையக் கட்டி நிப்பாங்க. அதுல ஒரு ருசி. கேக்கவிட ருசி. பொய்யின்னு ஒரு நாளாவது எழும்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லல. அப்புறம் ஒரு நாள் கம்பளையில இருந்து வந்த கெழவி என் காலத் தொட்டுட்டா. அந்தச் சோத்துப் பெட்டியத் தொறக்க முடியல. உண்மையாவே இருந்துட்டா பொய் உண்மையாயிரும்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. நானும் ஒன்று சொல்லவேண்டியிருந்தது. அதைச் சபையில் சொல்லவில்லை, டொக்டரிடமும் சொல்லவில்லை. மேலே எழுதும்போதுகூட, அவர் விழுந்தார், நான் ஓடினேன் என்றுதான் எழுதினேன்.

"நான் ஒடனே ஓடி வரலங்க" என்றேன்.

அவர் திரும்பினார்.

"நீங்க வேர்த்து நடுங்கறத பாத்தேன். டொக்டர் சொன்ன எல்லாம் ஞாபகம் வந்துச்சு. நீங்க சாப்புடலன்னும் தெரியும். நீங்க விழுந்தப்ப எல்லாரும் கையத் தூக்குனாங்க. நானும் தூக்கிட்டேன். உண்மையாவே ஆவியா இருந்தா என்னான்னு தோணுச்சு. என் புருஷன் மேல எறங்கியிருக்குன்னு பெருமையா இருந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு சரணம் முழுக்கப் பாடி முடிச்சாங்க."

அவர் நீட்டிய காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஜெபம் பண்ணுவோமா?" என்றார். ஒரு பின்னேரத்தில் நான்கைந்து வீட்டில் கேட்கிற கேள்வி, எங்கள் வீட்டில் அவர் அதைக் கேட்டு எத்தனை வருஷம் என்று எனக்கு ஞாபகமில்லை. இரண்டு பேரும் தலையைக் குனிந்தோம். வார்த்தை வரவில்லை. தொடங்குகிற வாசகங்கள் ஐம்பது தெரியும், அழவைக்கிற இடமும் ஆமென் வாங்குகிற இடமும் தெரியும். எல்லாமே பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்காகப் பழகியவை. கேட்க ஆளில்லாத வீட்டில் எங்களுக்கு ஜெபிக்கத் தெரியவில்லை. ரோட்டில் இரண்டு மடவளை பஸ் போயிற்று.

கடைசியில் அவர்தான் வாயைத் திறந்தார்.

"ஆண்டவரே, நாங்க ரெண்டு பேரும் நல்லா இல்ல" என்றார்.

அதற்குமேல் அவர் ஒன்றும் சேர்க்கவில்லை. நான் ஆமென் சொன்னேன்.